மின்சாரத்தால் நிறம் மாறும் ஜன்னல் கண்ணாடி: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களின் குளிரூட்டலுக்கும் விளக்குகளுக்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். கோலாலம்பூரில் கொண்டோ நிர்வாகக் குழுக் கூட்டங்களிலும், பினாங்கில் உறவினர் வீட்டு விருந்துகளிலும், தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் இந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். கேட்டவர்களின் சொற்களையே கேள்விகளாக வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்வரும் விடைகள் எளிதாக விளங்கும்.

நிறம் மாறும் கண்ணாடி என்கிறார்களே, அது காருக்கு ஒட்டும் டின்டட் மாதிரிதானே?

இல்லை. டின்டட் எந்த நேரமும் ஒரே அளவு கருமையோடு இருக்கும். மழை மேகம் சூழ்ந்து பட்டப்பகலில் வானம் இருண்டாலும் அதன் கருமை குறையாது. மின்நிறமாற்றக் கண்ணாடி மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெற்றுத் தன் கருமையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. சந்தையில் இதை எலக்ட்ரோகுரோமிக் கண்ணாடி என்றும் ஸ்மார்ட் கண்ணாடி என்றும் சொல்கிறார்கள். நல்ல தரமான கண்ணாடி, தெளிந்த நிலையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒளியை உள்ளே விடும். முழுக் கருமையில் 1 விழுக்காடு அளவுக்கே விடும். இரண்டுக்கும் நடுவே விரும்பிய இடத்தில் நிறுத்தி வைக்கவும் முடியும்.

இது புதுமைப் பொருளும் அன்று. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும்போது தானாகக் கருக்கும் கார்க் கண்ணாடியும், போயிங் 787 விமானத்தில் பொத்தானை அழுத்தினால் நீலம் பாயும் ஜன்னலும் இதே வகையைச் சேர்ந்தவைதாம்.

கரண்ட் பட்டால் கண்ணாடி எப்படி ஐயா நீலமாகும்? உள்ளே சாயம் ஏதாவது ஓடுகிறதா?

சாயம் ஓடுவதில்லை, அயனிகள் ஓடுகின்றன. கண்ணாடியின் மேல் ஐந்து மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளி ஓரங்களில் இருக்கும் இரண்டும் ஒளியை விடுகிற, அதே வேளையில் மின்சாரத்தையும் கடத்துகிற படலங்கள். அவற்றுக்கு உட்புறம் ஒரு பக்கத்தில் டங்ஸ்டன் ஆக்சைடும் மறுபக்கத்தில் நிக்கல் ஆக்சைடும் உள்ளன. நட்டநடுவில் இருப்பது அயனிகளை மட்டும் கடக்கவிடும் மின்பகுபடலம். ஒன்றிலிருந்து ஐந்து வோல்ட்டுக்குள் நேர்மின்னழுத்தம் கொடுத்தால், லித்தியம் அயனிகள் நிக்கல் பக்கத்தை விட்டு டங்ஸ்டன் பக்கத்துக்குப் பெயர்கின்றன. வெளிச்சுற்று வழியாக எலக்ட்ரான்களும் அங்கே வந்து சேர்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் ஒரு டங்ஸ்டன் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது சிவப்பு ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கதிரையும் விழுங்கிவிடுவதால், நம் கண்ணுக்கு நீலம் மட்டும் எஞ்சுகிறது. அயனிகளை இழந்த நிக்கல் ஆக்சைடு பழுப்பாகிறது. மின்முனைகளை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிக் கண்ணாடி தெளிகிறது.

அமைப்பைப் பார்த்தால் இது ஒளி ஊடுருவும் ஒரு பேட்டரியேதான். இந்த ஒப்புமையை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆயுளைப் பற்றியும் விலையைப் பற்றியும் பின்னால் சொல்லப்போவது பாதி விளங்கிவிடும். டங்ஸ்டன் ஆக்சைடுப் படலத்தில் இந்த விளைவை எஸ்.கே. தேப் 1969-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதைக் கட்டட ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1980-களிலிருந்து விடாமல் உழைத்தவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டு இயற்பியலாளர் கிளாஸ் கிரான்க்விஸ்ட்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த மின்சாரத்தையே செலவழிப்பதா? கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்?

ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை ஒருமுறை கருக்க ஏறத்தாழ 200 கூலம் மின்னூட்டம் போதும். இரண்டு வோல்ட்டில் அது 400 ஜூல் ஆகிறது, அதாவது 10 வாட் விளக்கு ஒன்று நாற்பது விநாடி எரியும் செலவு. நிறம் மாறி முடிந்த பிறகு அதைப் பிடித்து வைக்கத் தொடர் மின்சாரம் தேவையில்லை. கண்ணாடி தன் நிலையை மணிக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். கரண்ட் போனாலும் அப்போதிருந்த நிறத்திலேயே நின்று, மிக மெதுவாக மட்டுமே மாறும். உண்மையில் கண்ணாடியைவிட அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒளி உணரிகளும் கட்டுப்பாட்டுக் கருவியும்தான் அதிகம் செலவழிக்கின்றன. அந்தச் செலவும் சிறியதே, ஆனால் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

கிளினிக்கில் ஒரு சுவிட்சைத் தட்டியதும் கண்ணாடி பால் மாதிரி ஆகிவிட்டது. அதுதானே இது?

இந்தக் குழப்பத்தால் பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனவே அழுத்திச் சொல்கிறேன்: அது வேறு. நீங்கள் பார்த்தது திரவப் படிகத் துளிகளைப் பிளாஸ்டிக் படலத்தில் பொதிந்து செய்த கண்ணாடி. மின்சாரம் ஓடும் வரையில் தெளிவாக இருக்கும், நிறுத்தினால் வெண்மையாகும். அதைத் தெளிவாக வைத்திருக்கப் பல பத்து வோல்ட் மாறுமின்னோட்டம் தொடர்ந்து ஓட வேண்டும். வெண்மையான நிலையிலும் அது ஒளியைச் சிதறடிக்கிறதே தவிரத் தடுப்பதில்லை. சிதறிய ஒளியில் பெரும்பகுதி வெப்பத்தோடு உள்ளேயே வந்து விழுகிறது. மறைப்புக்கு அது அருமையான பொருள். குளிரூட்டிச் செலவைக் குறைக்கும் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தட்டிய உடனே மாறிவிடுமா?

உள்ளங்கை அளவுள்ள துண்டு சில விநாடிகளில் மாறும். ஜன்னல் அளவுக்கு வந்தால் பத்து, இருபது நிமிடம்கூட ஆகலாம். ஒளி ஊடுருவும் கடத்தும் படலம் செம்புக் கம்பியைப் போல் நன்றாகக் கடத்தாது. ஆகவே ஓரங்களில் பதித்த மின்பட்டைகளின் அருகே முதலில் நிறம் ஏறி, நடுப்பகுதிக்குக் கடைசியில் வந்து சேர்கிறது.

குளிர் நாட்டுக்காரர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்தது. பனியே இல்லாத நமக்கு இது எதற்கு?

நான் கேட்டவற்றுள் மிக நல்ல கேள்வி இதுதான். இதற்குச் சரியாக விடை தெரிந்துவிட்டால், நமக்கு எந்தக் கண்ணாடி வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சுவீடனில் ஒரு ஜன்னல் கோடையில் வெயிலின் வெப்பத்தைத் தடுக்க வேண்டும், குளிர்காலத்தில் அதே வெப்பத்தை வரவேற்க வேண்டும். அதனால் அங்கே ஒளியோடு அகச்சிவப்பு வெப்பமும் கூடிக் குறையும் கண்ணாடி மிகப் பயனுள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாத வெப்பத்தையும் தனித்தனியே ஆளும் இரட்டைக் கட்டுப்பாட்டுக் கண்ணாடிகளை அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் உருவாக்கி வருவதும் இதற்காகவே.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையிலும் பினாங்கு 5 பாகையிலும் இருக்கின்றன. ஜன்னல் வழியாக வெயிலின் வெப்பம் வேண்டும் என்று நாம் ஒரு நாளாவது விரும்பியது உண்டா? நமக்கு அகச்சிவப்புக் கதிர் என்றுமே வேண்டாத விருந்தாளி. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அந்தக் கதிரில்தான் வருகிறது. அதை நிரந்தரமாகத் தடுக்கக் குறை உமிழ்வுப் பூச்சுக் கண்ணாடி (கடைகளில் லோ-இ என்பார்கள்) ஏற்கெனவே கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். நமக்கு மாற வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே: காலை வெயிலில் கூச்சம் தவிர்க்கக் கருமை, மாலை மழையில் விளக்கைப் போடாமல் இருக்கத் தெளிவு. இவ்வளவு போதும் என்று முடிவு செய்துவிட்டால், மிகச் சிக்கலான, மிக விலையுயர்ந்த கண்ணாடி நமக்குத் தேவையில்லை. எளிய, மலிவான பொருள்களே நம் நாட்டுக்குப் பொருந்தும். இப்பக்கம் முழுவதும் நான் வாதிடுவது இதையே.

எங்கள் ஆபீஸ் மேற்குப் பார்த்த கட்டடம். மேற்குப் பக்கத்துக்குத்தான் முதலில் போட வேண்டும், சரிதானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கட்டட ஆற்றல் சிக்கனத்துக்கான மலேசியத் தரம் எம்.எஸ். 1525, சுவரின் திசைக்கு ஏற்ப வெயில் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடும் காரணியைக் கிழக்குக்கு 1.23 என்றும் மேற்குக்கு 0.94 என்றும் தந்திருக்கிறது. வடக்குக்கு 0.90, தெற்குக்கு 0.92. நம் நாட்டில் காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது; பிற்பகலில் மேகம் திரண்டு இடியும் மழையும் வருவதால் மேற்குச் சுவருக்கு வர வேண்டிய வெயிலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கட்டடம் நாள் முழுதும் சூடேறி, வெளிக்காற்றும் உச்ச வெப்பத்தில் இருக்கும் வேளையில் மேற்கு வெயில் வருவதால்தான் அது கொடுமையாகத் தெரிகிறது. உங்கள் கட்டடத்தில் கிழக்குச் சுவரிலும் கண்ணாடி இருந்தால் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வெள்ளி மிச்சமாகும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சொல்கிறேன், ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே விடையை முடிவு செய்யும். அதே எம்.எஸ். 1525 கணக்குமுறையில் ஜன்னல் வழியே வரும் சராசரி வெயில் வெப்பம், சதுர மீட்டருக்கு 194 வாட்டைத் திசைக் காரணியாலும் கண்ணாடியின் நிழல் குணகத்தாலும் (வெயில் வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடுகிறது என்ற அளவு) பெருக்கினால் கிடைக்கும். கிழக்குச் சுவரில் சாதாரணத் தெளிந்த கண்ணாடிக்குக் குணகம் 0.95 என்று கொண்டால் 227 வாட் உள்ளே வருகிறது. நல்ல குறை உமிழ்வுக் கண்ணாடிக்கு 0.35 என்றால் 84 வாட். முழுக் கருமையிலுள்ள மின்நிறமாற்றக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 0.115 என்றால் 27 வாட்.

நாளுக்குப் பத்து மணி, ஆண்டுக்கு 250 வேலை நாள், ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டி, ஒரு யூனிட் 50 சென் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 83 வெள்ளி மிச்சம். குறை உமிழ்வுக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் 23 வெள்ளிதான். கண்ணாடி எப்போதும் முழுக் கருமையில் இருக்காது என்பதால் இவை மேல்வரம்புகள். விளம்பரங்கள் முதல் எண்ணையே காட்டும். புதிதாகக் கட்டுகிற எவரும் கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணை. இந்தக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. கூச்சத்துக்காகக் காலையில் இறக்கிய திரையை மாலை வரை எவரும் ஏற்றுவதில்லை, அதனால் பகலெல்லாம் விளக்கு எரிகிறது. தானாகத் தெளியும் கண்ணாடி அந்த விளக்கை அணைக்க வைக்கும். நம் கட்டடங்களில் இந்தப் பயன் வெப்ப மிச்சத்துக்குக் குறைவில்லாதது என்பது என் கருத்து.

விலை ஏன் இவ்வளவு? டங்ஸ்டன் அரிய உலோகம் என்பதாலா?

டங்ஸ்டன் மீது பழி போட வேண்டாம். அந்தப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 400 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிராமுக்கும் குறைவான டங்ஸ்டன் ஆக்சைடு போதும்.

செலவு வேறு நான்கு இடங்களில் ஒளிந்திருக்கிறது. படலங்களைப் பெரிய வெற்றிட அறைகளுக்குள் அணு அணுவாகப் படியவைக்கும் எந்திரங்கள் மிக விலையுயர்ந்தவை, மெதுவானவை. கடத்தும் படலத்துக்கு வழக்கமாகப் பயன்படும் இண்டியம் தனியாக வெட்டியெடுக்கப்படுவதில்லை. துத்தநாகத் தாதுவின் துணைப்பொருளாகவே கிடைக்கிறது, கைப்பேசித் திரைகளும் அதற்குப் போட்டியிடுகின்றன. மூன்றாவது, ஊசிமுனை அளவு தூசி ஒன்று படலத்தில் சிக்கினாலும் அவ்விடத்தில் மின்கசிவு ஏற்பட்டு வெளிறிய புள்ளி தோன்றும். கண்ணாடி பெரிதாகப் பெரிதாகக் கழிவும் பெருகும். கடைசியாக, ஒவ்வொரு சட்டத்துக்கும் கம்பி இழுத்து, கண்ணாடிக்காரரும் மின்பணியாளரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். மலிவான பொருளைத் தேடும்போது இந்த நான்கில் எதைக் குறைக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் மலிவாகச் செய்ய வழியே இல்லையா?

வழிகள் உண்டு. வெற்றிட அறையை விட்டுவிட்டுத் திரவத்திலிருந்தே டங்ஸ்டன் ஆக்சைடைப் படியவைப்பது முதல் வழி. சோடியம் டங்ஸ்டேட்டையோ டங்ஸ்டன் தூளையோ ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்துக் கரைசலாக்கி, முக்கியோ தெளித்தோ மின்முறையில் படியவைத்தோ படலம் செய்யலாம். ஆய்வுக்கூடங்களில் இது நன்றாகவே நடக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சீராகப் பூசுவதுதான் கடினம்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது பிரஷ்ய நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த சாயம் இது. கட்டட வரைபடங்களுக்குப் புளூபிரிண்ட் என்ற பெயரைத் தந்த அதே நீலம். இரும்பும் கரிமமும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம் என்பதால் மூலப்பொருள் மிக மலிவு, சாதாரண வெப்பநிலையில் நீர்க் கரைசலிலிருந்தே படியும். எலக்ட்ரானைப் பெறும்போது நிறமற்றதாகவும் இழக்கும்போது நீலமாகவும் மாறும். டங்ஸ்டன் ஆக்சைடு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதால், இரண்டையும் எதிரெதிரே வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டும் நீலமாகி, ஒரே நேரத்தில் தெளிகின்றன. பிரஷ்ய நீலம் முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே ஆள்கிறது. மேலே பனி இல்லாத நாட்டைப் பற்றிச் சொன்ன விடையில் நமக்குத் தேவை என்று குறித்தது இதுவே. காரத்தன்மையுள்ள சூழலில் சிதைந்துவிடும் என்பது அதன் குறை.

இவை தவிர, பெடாட் போன்ற கடத்தும் பாலிமர்களைப் பிளாஸ்டிக்கின் மேல் அச்சடிக்கலாம். வேகமாக நிறம் மாறும், ஆனால் புறஊதாக் கதிர் அவற்றை மெல்ல அரித்துவிடும். பிஸ்மத், செம்பு போன்ற உலோகங்களை மின்பகுநீரிலிருந்து கண்ணாடியின் மேல் மெல்லியதாகப் படியவைத்து மீண்டும் கரைக்கும் முறையில் மைக்கேல் மெக்கீகியின் குழுவினர் அமெரிக்காவில் உழைத்து வருகிறார்கள். நீலமில்லாத நல்ல சாம்பல் கருமை அதில் கிடைக்கிறது.

இதில் நம் நாட்டுச் சரக்கு ஏதாவது உண்டா?

உண்டு, நான் பெருமையோடு சொல்வேன். இண்டியத்துக்கு மாற்றாக ஃப்ளூரின் சேர்த்த வெள்ளீய ஆக்சைடுப் படலத்தைப் பயன்படுத்தலாம். பேச்சில் நாம் ஈயச் சுரங்கம் என்று சொல்வது உண்மையில் வெள்ளீயச் சுரங்கத்தைத்தான். கிந்தா பள்ளத்தாக்கில் நம் முன்னோர் பலர் உழைத்தது அந்த உலோகத்துக்காக. ஈப்போவுக்கு அருகே கிராமாட் பூலாயில் ஒரு காலத்தில் டங்ஸ்டன் தாதுவும் வெட்டி எடுத்தார்கள். வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடி இங்கே புதிய பண்டமும் அன்று. பினாங்குப் பாலத்தைக் கடந்து கூலிமுக்குப் போனால், அங்குள்ள ஆலை கண்ணாடித் தகடுகளின் மேல் மெல்லிய படலம் பூசிச் சூரியத் தகடுகளைப் பெருந்தொகையில் செய்கிறது. பெரிய கண்ணாடியில் சீராகப் படலம் பூசும் கைத்திறன் நம் அருகிலேயே இருக்கிறது.

மின்பகுபடலத்திலும் நமக்குப் பங்குண்டு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் மாவுச்சத்தையும் கொண்டு திட மின்பகுபடலம் செய்யும் ஆய்வு மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பாலியூரித்தேனையும் நம் நாட்டு ஆய்வாளர்கள் இதற்காகச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இவை இன்னும் ஆய்வுக்கூட நிலையிலேயே இருக்கின்றன, ஜன்னல் சட்டத்துக்குள் வந்து சேரவில்லை.

நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எத்தனை ஆண்டு தாங்கும்?

மின்நிறமாற்றக் கண்ணாடிகளை வேகமாக முதுமையடையச் செய்து பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். இ2141 என்ற சோதனைமுறையில், சூட்டிலும் செயற்கை வெயிலிலும் வைத்து 50,000 முறை வரை நிறம் மாற்றிப் பார்க்கிறார்கள். நாளுக்கு ஐந்து முறை மாறினால் அது 10,000 நாள், அதாவது 27 ஆண்டு. இந்தச் சோதனையில் தேறிய கண்ணாடிக்கும் தேறாத மலிவுக் கண்ணாடிக்கும் உள்ள விலை வேறுபாட்டை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். பாதி விலைக்கு வாங்கியது மூன்று ஆண்டில் மஞ்சளித்துப்போனால் அதை மலிவு என்று சொல்ல முடியாது.

ஆயுள் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பேட்டரியைப் போலவே, சில அயனிகள் டங்ஸ்டன் ஆக்சைடுக்குள் சிக்கிக்கொண்டு திரும்பிவர மறுப்பதால் கண்ணாடி முழுமையாகத் தெளியாமல் போகிறது. சிக்கிய அயனிகளைத் தகுந்த மின்னோட்டம் கொடுத்து வெளியேற்றிப் படலத்தை மீண்டும் இளமையாக்கலாம் என்று உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். ஈரம் மற்றொரு காரணம். நான் பயிற்சிக்காகச் செய்த ஒரு சிறு துண்டைச் சாதாரண சிலிக்கோனால் மூடிப் பினாங்கில் பால்கனியில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதன் ஓரங்கள் உயிரற்றுப்போயின. நடுப்பகுதி அப்போதும் நன்றாகவே நிறம் மாறிக்கொண்டிருந்தது. பழுதானது படலம் அன்று, ஓர அடைப்புதான். எனவே எதைப் பூசியிருக்கிறார்கள் என்பதோடு எதைக் கொண்டு ஓரத்தை அடைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒற்றைக் கண்ணாடிதான். இதையே ஃபிலிமாக வாங்கி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்டலாம், ஆனால் எதிர்பார்த்த குளிர்ச்சி கிடைக்காது. மின்நிறமாற்றப் படலம் வெயிலைப் பெரும்பாலும் விழுங்குகிறதே தவிரத் திருப்பி அனுப்புவதில்லை. விழுங்கிய கண்ணாடி சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள்ளேயே வீசும். இதைத் தவிர்க்கவே தரமான தயாரிப்புகளில் படலத்தை இரட்டைக் கண்ணாடியின் வெளித்தகட்டில், காற்றிடைவெளியைப் பார்த்த முகத்தில் வைக்கிறார்கள். அப்போது சூடு வெளிக்காற்றோடு போய்விடும், இடைவெளியும் குறை உமிழ்வுப் பூச்சும் அதை உள்ளே விடாமல் தடுக்கும்.

வெறும் கண்ணாடியில் ஒட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெயில் படும் பகுதி சூடாகவும் சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தும் இருப்பதால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். பதப்படுத்தாத பழைய கண்ணாடியில் எந்தக் கரும் ஃபிலிமையும் ஒட்டும் முன் கண்ணாடிக்காரரைக் கேளுங்கள்.

நாள் முழுக்க நீல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா?

டங்ஸ்டன் மட்டும் உள்ள கண்ணாடியில் முகமெல்லாம் நீலமாகத் தெரியும். பலருக்கு அது பிடிப்பதில்லை. நிக்கல் ஆக்சைடு சேர்ந்தால் நீலம் தணியும். அறையில் ஒரு ஜன்னலைத் தெளிவாக விட்டுவிட்டு மற்றவற்றைக் கருக்கினாலும் நிறம் இயல்பாகத் தெரியும்.

சூடானால் தானே மாறும் கண்ணாடியும் இருக்கிறதாமே? கம்பியே வேண்டாமே, அது மலிவு இல்லையா?

வனேடியம் டைஆக்சைடு என்ற பொருளைச் சொல்கிறீர்கள். அது 68 பாகை செல்சியஸில் நிலை மாறி அகச்சிவப்பைத் தடுக்கத் தொடங்கும். சிறிதளவு டங்ஸ்டன் சேர்த்தால் அந்த வெப்பநிலை இறங்கும். அது மாற்றுவது பெரும்பாலும் அகச்சிவப்பை மட்டுமே, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரிய மாற்றம் இராது. நமக்கு அகச்சிவப்பு எப்போதுமே வேண்டாம் என்பதை முன்பே பார்த்தோம். ஆண்டெல்லாம் மூடியே இருக்க வேண்டிய கதவுக்குத் தானியங்கிப் பூட்டு எதற்கு? சாதாரணக் குறை உமிழ்வுப் பூச்சு அந்த வேலையை இன்னும் குறைந்த செலவில் செய்யும்.

அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறதா?

இந்தக் கண்ணாடியை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. எம்.எஸ். 1525, குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடங்களின் வெளிச்சுவர் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 50 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. எப்படி எட்டுவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். ஆற்றல் சிக்கனம் மற்றும் பாதுகாப்புச் சட்டம் 2024, 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருப்பதால், பெரிய கட்டட உரிமையாளர்கள் முன்பு கேட்காத கேள்விகளை இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

என் மகள் அறிவியல் போட்டிக்கு இதைச் செய்ய வேண்டும் என்கிறாள். வீட்டில் செய்யலாமா, சார்?

பிரஷ்ய நீலப் படலம் செய்யலாம், ஆனால் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் கண்முன்னே செய்யட்டும். கடத்தும் வெள்ளீய ஆக்சைடுக் கண்ணாடித் துண்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு, ஃபெரிக் குளோரைடு, சிறு பேட்டரி ஆகியவை போதும். ஃபெரிசயனைடோடு வலிய அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகக்கூடும். சூடாக்கவும் கூடாது. கைக்கு உறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்தே செய்ய வேண்டும்.

விற்ற கம்பெனி மூடிவிட்டால் கண்ணாடியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

வீணான அச்சம் அன்று. இத்துறையில் மிகப் பெரிய முதலீடு பெற்ற அமெரிக்க நிறுவனங்களுள் ஒன்றான வியூ, 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரியது. கண்ணாடி கெடாமல் இருந்தாலும், அதை ஆட்டுவிக்கும் மென்பொருளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேறு எவருக்கும் புரியாதவையாக இருந்தால் கட்டடம் சிக்கிக்கொள்ளும். எந்த மின்னழுத்தத்தை எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்ற விவரத்தையும், இணையம் இல்லாமலே இயங்கும் கைச்சுவிட்சையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிழல் போட்டாலே போதும் என்று நீங்களே சொல்வீர்கள். பிறகு இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு?

நிழல் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையும் மரச்சட்ட ஜன்னல்களும் அதைத்தான் செய்கின்றன. சுபாங் ஜெயாவில் கென் யாங் வடிவமைத்து 1992-இல் எழுந்த மெனாரா மெசினியாகா, வெயில் படும் பக்கங்களில் உலோக நிழற்பட்டைகளை அணிந்து நிற்கிறது. புத்ராஜெயாவிலுள்ள எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் தன் சுவர்களையே சாய்த்துத் தனக்கு நிழல் தருகிறது. புதிதாகக் கட்டுபவர் என்னிடம் வந்தால், முதலில் நிழல், அடுத்துக் குறை உமிழ்வுக் கண்ணாடி, அதற்குப் பிறகே மின்நிறமாற்றக் கண்ணாடி என்றுதான் சொல்கிறேன்.

ஆனாலும் நிழற்பட்டை நேர் வெயிலைத் தடுக்குமே தவிர, வெண்மேகம் மூடிய வானத்தின் ஒளியைத் தடுக்காது. நமக்கு வரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அப்படிச் சிதறியே வருகிறது. கணினித் திரையில் எழுத்துத் தெரியாமல் கண் கூசுவதும் பெரும்பாலும் அதனால்தான். முப்பதாவது மாடியில், ஏற்கெனவே கட்டி முடிந்த கண்ணாடிச் சுவரில், வெளியே பட்டை பொருத்தவும் முடியாது. அந்த இடங்களில், அதுவும் கண் மட்டத்திலுள்ள ஒரு வரிசைக்கு மட்டும், இரும்பும் வெள்ளீயமும் கொண்டு செய்த எளிய கண்ணாடி கட்டுப்படியான விலையில் வருமானால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இன்று விற்பனைக்கு இருப்பவற்றைக் கிழக்குச் சுவரில் ஓரிரு அறைகளில் மட்டும் பொருத்தி, ஓர் ஆண்டு மின்கட்டணத்தையும் விளக்கு எரிந்த நேரத்தையும் குறித்து வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மற்ற அறைகளைப் பற்றி முடிவு செய்யுங்கள்.